காரைக்குப் போகும் வண்டியின் பின் சீட்டு

குரும்பலூர்
4-8-2024

அன்புள்ள மாப்பிள்ளை இராமலிங்கத்துக்கு,

பிச்சைமுத்து எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உங்கள் மகள் தேவயானியும் மழைக்குக் காத்திருக்கும் மக்காச்சோளமும் சுகம். அங்கே ராஜஸ்தான் வெயிலில் நீங்கள் உருகாமல் இருக்கக் குலசாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"இனி உங்க குரல் என் காதுல விழக்கூடாது மச்சான்" என்று நீங்கள் போனிலேயே சூடம் கொளுத்திச் சத்தியம் செய்து இன்றோடு நாற்பது நாள். அந்தச் சூடத்தின் வாசனை குரும்பலூர் வரைக்கும் வந்தது. சத்தியத்தை மதிக்கிறவன் நான். ஆனால் அது குரலுக்குத்தான், பேனாவுக்கு இல்லை என்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்த கை இது. என் கையெழுத்தைப் பார்த்துப் போஸ்ட் ஆபீஸில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

விஷயம் அன்றைக்குச் சண்டை வந்த அதே விஷயம்தான். தேவயானி படித்த நிலவியலுக்கு ஆறு மாத வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்மாறன் சார் என்று ஒருவர் தலைமை. காரை, சாத்தனூர், அரியலூர்ப் பக்கம் கல்லாகிப்போன கடல் பிராணிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று அளந்து எழுத வேண்டும். பஸ் போகாத காடு, மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. மகள் கைப்பிடியைத் தொடக் கூடாது என்கிறீர்கள். என் தங்கை பொன்னுத்தாய் உங்கள் வண்டியின் பின்னாலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தவள். நீங்கள் அப்படிச் சொல்வதை நான் எப்படித் தப்பு என்பேன்?

அதனால் ஒரு வழி. என் ஸ்பிளெண்டரை நான் ஓட்டுகிறேன், அவள் பின்னால் உட்காரட்டும். இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவன். என் டிப்பர் வந்தால் லெவல் கிராஸிங்கில் ரயில் நின்று வழிவிடும். உங்களுக்கே தெரியும்.

சம்மதம் என்று ஒரு வரி போதும்.

மாறாத அன்புடன் மச்சான்
பிச்சைமுத்து

*

ராஜஸ்தான்
18-8-2024

மச்சானுக்கு,

நான் நலம். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே.

ஆறு மாதம் போய்வரட்டும். நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. அரியலூர் ரோட்டில் போக வேண்டாம், சுற்றிப் போங்கள். அவள் புடவையோ துப்பட்டாவோ போடக் கூடாது. கைப்பிடி உங்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அவள் வேலையை விட்டுவிட வேண்டும். அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

இராமலிங்கம்

*

குரும்பலூர்
10-9-2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

சர்க்கரை நூற்று நாற்பது. டாக்டரே கைகொடுத்தார். உங்கள் உடம்பு எப்படி? அங்கே அரிசிச் சோறு கிடைக்கிறதா, இல்லை ரொட்டியோடு காலம் போகிறதா?

காரைக்குப் போய்வந்தோம். கொளக்காநத்தம் தாண்டி ஒரு மேடு ஏறினால் அதற்குமேல் பூமி இல்லை. தோலை உரித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது. செங்கல் நிறத்தில் ஒரு முகடு, கடுகு நிறத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று. நடுவே மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் ஆயிரம். மரம் என்று பேருக்கு ஒரு கருவேலம்கூட இல்லை. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னுகிறது. ஜிப்சமாம். இருபத்திரண்டு வருஷமும் பக்கத்திலேயே கல் ஏற்றிக்கொண்டு போனேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இதை மட்டும் வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

அந்த முகட்டு மேலே வண்டியை நாகப்பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஏற்றினேன். ஓரிடத்தில் ஒரு பள்ளம் மரியாதை செய்ய முன்னால் வந்தது, நானும் நின்று ஏற்றுக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

பெங்களூரிலிருந்து பெரிய பெரிய வண்டிகளில் ஐந்தாறு பேர் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். தரையில் தோட்டா மாதிரி நீளக் கற்கள் கிடந்தன. என்ன என்று கேட்டார்கள். "வெள்ளைக்காரன் பட்டாளம் டைனோசரைச் சுட்டப்போ சிந்துனது" என்றேன். இரண்டு பேர் நம்பி போட்டோ எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். உங்கள் மகள் ஓடி வந்தாள்.

"அண்ணா, அது கணவாய் மாதிரி ஒரு கடல் பிராணியோட உள் ஓடு. பத்துக் கோடி வருஷம் இருக்கும். மாமா சொல்றத எழுதிடாதீங்க."

"பத்துக் கோடிக்கு முன்னாடி வெள்ளைக்காரன் இல்லேன்னு நீ பாத்தியா?" என்றேன்.

"மாமா, தண்ணிய குடிங்க" என்றாள்.

அளந்து, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு கல்லையும் எடுக்கக் கூடாதாம். எனக்கு அதுதான் வருத்தம்.

அன்பு மச்சான்
பிச்சைமுத்து

*

ராஜஸ்தான்
29-9-2024

மச்சானுக்கு,

சுகம். ரொட்டிதான், பழகிவிட்டது.

கடிதம் நாலு தடவை படித்தேன். இங்கேயும் மரம் இல்லாத பூமிதான். ஆனால் ஒரே நிறம். நம் ஊரில் கடல் இருந்ததா? கொளக்காநத்தத்திலா? ஷிப்டில் கூட இருப்பவரிடம் சொன்னேன், சிரித்தார்.

அந்தப் பெங்களூர்க்காரர்களிடம் பேசும்போது அவள் சிரித்தாளா? ஞாயிற்றுக்கிழமை போனில் அது தெரிவதில்லை.

பள்ளம் எவ்வளவு ஆழம்?

இராமலிங்கம்

*

குரும்பலூர்
20-10-2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம், ஐப்பசி மழை உட்பட. உங்கள் முதுகு வலி எப்படி? வேப்பெண்ணெய் கிடைத்தால் தேயுங்கள்.

கேட்டீர்களே, சிரித்தாள். மூன்று கிலோமீட்டருக்குச் சிரித்தாள். பள்ளம் ஆழமில்லை.

சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்த்தோம். கடலோரம் நின்ற மரமாம், விழுந்து மண் மூடிக் கல்லாகிவிட்டது. பட்டை, வளையம், கணு எல்லாம் அப்படியே. கோடரியால் ஒரு போடு போட்டால் கோடரிதான் போகும். "மாமா, இது நிக்கறப்போ இங்க அலை அடிச்சிருக்கும்" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். லேசாகக் கேட்டது.

காரை ஊருக்குள் ரெங்கம்மாள் என்ற அம்மா, துணி துவைக்க ஒரு வட்டக்கல் வைத்திருக்கிறார். சுருள் சுருளாக, ஆட்டுக்கல் அகலம். தேவயானி அதைப் பார்த்ததும் சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, தொவைக்கிற கல்லுக்கு எதுக்கு போட்டோ?"

"அத்தை, இது கடல்ல இருந்த ஒரு பிராணியோட வூடு. நத்தை மாதிரி."

"நத்தைக்கு இம்மாம் பெரிய வூடா? எத்தினி வருஷம் ஆவுது?"

"பத்துக் கோடி வருஷம் கிட்ட."

"அம்புட்டு வருஷமா வூட்டு வரி கட்டாம இருந்திருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல சொல்லிக்கில்லித் தொலைக்காத."

இரண்டு பேரும் பேசிச் சிரித்ததில் எனக்குக் காபி வரவே இல்லை. கடைசியில் அந்த அம்மாவே மடியிலிருந்து இரண்டு படி வறுத்த வேர்க்கடலையைக் கொட்டினார். திரும்பும் வழி முழுக்க அதை உரித்து உரித்துத் தின்றுகொண்டு வந்தேன். உள்தோலை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் காற்று அப்படியே கொண்டுபோகிறது. ராஜா மாதிரி இருந்தது. பழைய சுரங்கத்து வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டு சல்யூட் அடித்தார், நான் இரண்டு கையாலும் கும்பிட்டேன். பெரம்பலூர் வருமுன் கடலை தீர்ந்துவிட்டது.

அன்பு மச்சான்
பிச்சைமுத்து

*

ராஜஸ்தான்
3-11-2024

மச்சானுக்கு,

முதுகு பரவாயில்லை.

கடலையை இரண்டு கையாலும் உரித்திருக்கிறீர்கள். உள்ளங்கையில் தேய்த்திருக்கிறீர்கள். இரண்டு கையாலும் கும்பிட்டிருக்கிறீர்கள். வண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

வண்டியை யார் ஓட்டியது?

இராமலிங்கம்

*

குரும்பலூர்
14-11-2024

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு நலமில்லை, உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து.

தேவயானிதான் ஓட்டினாள். இரண்டாவது வாரத்திலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள்.

என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது மாப்பிள்ளை. ஒரு வருஷமாகவே பாதை இரண்டாகத் தெரியும். எது நிஜம் என்று பழக்கத்தில் கண்டுபிடித்துவிடுவேன். டிப்பர்காரன் கண் மங்கிப்போச்சு என்று ஊருக்குள் பேச்சு வரக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. காரை முகட்டில் இரண்டு பாதை தெரிந்தது. இல்லாத பாதையில் ஏற்றிவிட்டேன். முன்சக்கரம் பள்ளத்தின் வாயில் தொங்கியது. பள்ளம் இரண்டு ஆள் ஆழம். பின்னால் அவள் காலை ஊன்றி இழுத்துப் பிடித்திராவிட்டால் இந்தக் கடிதம் எழுத ஆள் இல்லை.

இறங்கி வந்தாள். திட்டவில்லை. கையை நீட்டினாள்.

"சாவிய குடுங்க மாமா."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாரு."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ வாயத் தொறக்காத, நான் பக்குவமா எழுதறேன்" என்று தடுத்தவன் நான். பக்குவம் வருவதற்குள் கடலை வந்துவிட்டது.

லைசென்ஸ் இருக்கிறது அவளிடம். கல்லூரியில் படிக்கும்போதே எடுத்தது, இரண்டு வருஷமாக என் இன்சூரன்ஸ் கவருக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஆகக் குற்றம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் என்னுடையது. அவளை நிறுத்தாதீர்கள். வேண்டுமானால் இன்னொரு சத்தியம் செய்யுங்கள், என் கையெழுத்தையும் பார்க்க மாட்டேன் என்று.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக முன் சீட்டில் மட்டுமே உட்கார்ந்தவன், இப்போதுதான் பின்னால் உட்காருகிறேன். முதல் நாள் தங்கச்சி ஞாபகம் வந்தது, அவளும் இப்படித்தானே உட்கார்ந்து போனாள் என்று. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உங்கள் மகள் ஓட்டுவது அப்படி.

பிச்சைமுத்து

*

குரும்பலூர்
2-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை "சாப்டியா" என்கிறீர்கள், "சாப்டேன்" என்கிறேன், வைத்துவிடுகிறோம். ஏழு வாரமாக இரண்டு பேருமே அதற்குமேல் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா தினமும் போஸ்ட்மேனைத் தெருமுனையில் மறிக்கிறார். தபால்துறை மேலேயே சந்தேகப்படுகிறார். பாவம் அவர். கண் ஆபரேஷனுக்குப் பொங்கலுக்கு முன்னால் தேதி வாங்கியிருக்கிறேன்.

மறைத்தது தப்பு. மாமா தடுத்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்மாறன் சார் என்னை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தனியாக வண்டியில் போய்வர வேண்டிய வேலை. மார்ச் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அப்பா. மழை பெய்த மறுநாள் காரைக்குப் போனால் தண்ணீர் புதிதாக ஏதாவது ஒன்றைக் கழுவி வெளியே வைத்திருக்கும். போன வாரம் ஒரு சுறாப் பல். பத்துக் கோடி வருஷத்தில் அதை முதலில் பார்த்த ஆள் நான்.

அம்மா போனபோது எனக்குப் பதினாறு வயது. அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் விட்டுவிடுகிறேன். ஆனால் எழுதுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

உங்கள் மகள்
தேவயானி

*

ராஜஸ்தான்
18-1-2025

மச்சானுக்கு,

ஆபரேஷன் முடிந்திருக்கும். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா கேட்டிருக்கிறாள். அவளுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். அவள் உங்கள் தங்கச்சி.

அன்றைக்கு அரியலூரில் ஒரு கல்யாணம் முடிந்து வந்துகொண்டிருந்தோம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பொன்னுத்தாய் என் தோளில் தட்டினாள். மழை வருது, எங்கியாவது ஒதுங்கலாம் என்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கே போய்விடலாம் என்று இன்னும் வேகமாகப் போனேன். மறுபடியும் தட்டினாள். நான் திரும்பவில்லை. முந்தானை சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் தட்டியிருக்கிறாள்.

கேட்டவர்கள் எல்லாரிடமும் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். நாய் எதுவும் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் வந்து வேலை தேடினேன்.

பாப்பா கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். நானும் நன்றாகத்தான் ஓட்டுவேன். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது, அதுதான் என் பயம்.

இனி நீங்கள் எழுதாவிட்டாலும் தப்பில்லை.

இராமலிங்கம்

*

குரும்பலூர்
1-2-2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

கண் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கக் கோபமாக இருந்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வீட்டுக்காரி என்ன என்றாள், கண் உறுத்துகிறது என்றேன். உங்களை நேரில் பார்த்திருந்தால் கை நீட்டியிருப்பேன். தூரத்தில் இருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் நாள் என் பிழைப்பு ஞாபகம் வந்தது. டிப்பரில் போகும்போது எத்தனை பேர் கையைக் காட்டியிருப்பார்கள், எத்தனை கிளீனர் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டியிருப்பான். ட்ரிப் போய்விடும் என்று நிற்காமல் வந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்கு ஆகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அதை வைத்து நான் உங்களை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

மூன்றாம் நாள் தேவயானியோடு காரைக்குப் போனேன். போகும்போது அவள் தோளில் தட்டினேன். நிறுத்தினாள்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல, போ."

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தட்டினேன். நிறுத்தினாள். ஒரு லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தபோது தட்டினேன். அப்போதும் ஓரம் கட்டி, காலை ஊன்றி, முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். மேகம் கறுத்து வந்தபோதும் தட்டிப் பார்த்தேன். ஏழு தடவை தட்டினேன், ஏழு தடவையும் நின்றாள். ஏழாவது தடவை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள்.

"மாமா, இன்னொரு தடவை தட்டுனீங்க, இந்தக் காட்டுலயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"சரி தாயி" என்றேன். ஏன் தட்டினேன் என்று சொல்லவில்லை. அதை நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

சூடம் அடித்த சத்தியத்துக்குப் பூசாரியிடம் பரிகாரம் கேட்டேன். ஒரு தேங்காயும் ஒரு எலுமிச்சம்பழமும் போதும் என்கிறார். வாங்கி வைத்திருக்கிறேன். தேங்காய் முற்றிக்கொண்டே போகிறது.

மார்ச் முதல் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது.

மச்சான்
பிச்சைமுத்து

பின்குறிப்பு: ஒன்றே ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் புரை மாதிரி பெரிய புரையை அந்த டாக்டர் ஜென்மத்தில் பார்த்ததில்லையாம். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திக் காட்டினார்.

*

ராஜஸ்தான்
14-2-2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நிஜமாகவே நலம். ஏழு வருஷத்துக்கு அப்புறம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு மாதம்.

27-ஆம் தேதி வியாழக்கிழமை சென்னையிலிருந்து வரும் ரயிலில் அரியலூர் ஸ்டேஷனில் இறங்குவேன். சாயந்திரம் ஐந்து, ஐந்தரை ஆகும். நீங்கள் வர வேண்டாம். ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறினால் போலீஸ் பிடிக்கும். தேவயானியை வண்டியோடு அனுப்புங்கள்.

அரியலூர் ரோட்டிலேயே வரட்டும், சுற்ற வேண்டாம். அந்த இடம் வழியில் வரும். அங்கே ஓரமாக நிறுத்தச் சொல்லி அவளிடம் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறேன். அதற்கப்புறம் மழை வந்தாலும் சரி, மெதுவாக வீட்டுக்கு வந்து சேருகிறோம்.

தமிழ்மாறன் சாருக்கு மார்ச் வரை காத்திருக்காமல் இப்போதே பதில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சாமான் அதிகம் இல்லை, ஒரே ஒரு பெட்டி. கட்டக் கயிறு எடுத்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இராமலிங்கம்